காலனித் தெருவிலிருந்து வாக்குச்சாவடி வரை

2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயில் தனித் தொகுதியின் வெற்றி தோல்வியை 87 வாக்குகள் தீர்மானித்தன. மூன்று ஆண்டுகள் கழித்து நடந்த மக்களவைத் தேர்தலில், அதே காட்டுமன்னார்கோயிலோடு அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகியவையும் சேர்ந்த சிதம்பரம் தொகுதியில் பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். வென்றவர் கூடுதலாகப் பெற்றது 3,219. அடுத்து 2021-இல் அரியலூர் சட்டமன்றத் தொகுதி 3,234 வாக்கு வித்தியாசத்தில் கை மாறியது.

எண்பத்தேழு வாக்கு என்பது ஒரு காலனித் தெருவின் ஒரு பக்கத்து வீடுகளில் இருக்கும் வாக்கு. திருப்பூருக்கு வேலைக்குப் போய், ஓட்டுப் போட வர முடியாமல் போன ஒரு பேருந்து நிறைய ஆட்கள், பூத்துக்குப் போய்ப் பட்டியலில் பெயர் இல்லை என்று திரும்பி வந்த ஒரு வரிசைப் பெண்கள் – இவர்களைக் கூட்டினாலே அந்த எண்ணைத் தாண்டிவிடும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தலித் மக்களின் வாக்கு எவ்வளவு கனமானது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே போதும். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். அரியலூரில் 23 பேர். மாநிலச் சராசரி 20. பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. சிதம்பரம் மக்களவைத் தொகுதியும் அப்படியே. பெரம்பலூர் மக்களவைத் தொகுதியும் 2008-இல் எல்லைகள் மாற்றியமைக்கப்படும் வரை தனித் தொகுதியாகத்தான் இருந்தது.

இந்த மக்களிடம் போய் வாக்களிப்பது கடமை என்று யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் சராசரி வாக்குப்பதிவு 70 விழுக்காட்டைத் தொடவில்லை. சிதம்பரமும் பெரம்பலூரும் 75-ஐத் தாண்டின. தலைநகரத்தில், மத்திய சென்னையும் தென்சென்னையும் 55-ஐக்கூட எட்டவில்லை. வாக்குரிமையின் அருமை தெரியாதவர்கள் என்று எவரையாவது சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சொல் செந்துறைக்கோ வேப்பந்தட்டைக்கோ பொருந்தாது. இங்கே ஓட்டுப் போடாமல் விடுபடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு மனம் இருக்கிறது. வழியில்தான் ஏதோ ஒன்று மறிக்கிறது. பெயர் இல்லாதது, கூலி போய்விடும் என்பது, ஊரில் இல்லாதது, சில இடங்களில் அச்சம். இந்த நான்கையும் ஒவ்வொன்றாக அகற்றுவதுதான் வாக்குப்பதிவைக் கூட்டும் வேலை. மேடைப் பேச்சால் அது நடக்காது.

இது பிச்சையாக வந்த உரிமையல்ல

கங்கைகொண்ட சோழபுரத்தின் மண்ணில் நின்று சோழர் காலக் குடவோலை முறையைப் பெருமையோடு பேசுகிறோம். அந்தப் பெருமையில் உண்மையும் உண்டு. ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் தகுதிகளில் வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் முதன்மையானவை. நிலமில்லாதவரின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்ததில்லை. வெள்ளையர் ஆட்சியிலும் 1935 சட்டம் வரைக்கும் சொத்து, வரி, படிப்பு என்ற வேலிகளுக்குள்தான் வாக்குரிமை இருந்தது.

வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1928-இல் சைமன் குழுவின் முன் அம்பேத்கர் வாதாடினார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரோடு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்தவர் நம் மண்ணின் இரட்டைமலை சீனிவாசன். அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு அந்தக் கோரிக்கையைச் சட்டமாக்கியது. படிப்பறிவுச் சோதனை எதுவும் இல்லாமல், எழுத்துத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து வாக்களிக்கலாம் என்று 1951–52 முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலில் கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து எல். இளையபெருமாள். தீண்டாமைக் கொடுமைகளை ஆராய 1965-இல் நடுவண் அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று, 1969-இல் நாட்டையே உலுக்கிய அறிக்கையைக் கொடுத்தவர் அவர்தான்.

அதே காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டத்தை நம் தெருக்களில் இருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1870-லேயே அவர்களுக்கு அரசியலமைப்பு வாக்குரிமை தந்துவிட்டது. ஆனால் தென் மாநிலங்கள் தேர்தல் வரி என்றும் படிப்பறிவுச் சோதனை என்றும் தடைபோட்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தின. மிசிசிப்பியில் 1962-இல் பெயர் பதியப் போன ஒரே குற்றத்துக்காக, ஃபேனி லூ ஹேமர் என்ற பண்ணைத் தொழிலாளி வேலையும் குடியிருப்பும் இழந்தார். 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன் மிசிசிப்பியின் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பின மக்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. இரண்டே ஆண்டுகளில் அது பாதியைத் தாண்டியது. சட்டம் மட்டும் அதைச் செய்யவில்லை. தேவாலயத்திலும் முடிதிருத்தும் கடையிலும் உட்கார்ந்து, படிவம் நிரப்பக் கற்றுக்கொடுத்து, வாக்குப்பதிவு அன்று தெருவாகத் திரட்டி அழைத்துப்போன மனிதர்கள் செய்தார்கள். ஓட்டைத் தனி ஆளின் வேலையாக விடாமல் தெருவின் வேலையாக ஆக்கியதுதான் அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நம்மிடமும் வடு இருக்கிறது

1990-களில் இந்த வட்டாரத்தின் தலித் இளைஞர்களில் ஒரு பெரும்பகுதி தேர்தலையே புறக்கணித்தது. செந்துறை வட்டம் அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன் தலைமையில் இயங்கிய விடுதலைச் சிறுத்தைகள் 1999 வரை தேர்தல் பாதையை ஏற்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் முதன்முறையாகச் சிதம்பரத்தில் நின்றபோது, தொகுதியின் பல ஊர்களில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. வீடுகள் எரிந்தன. வாக்களிக்க விடாமல் மக்கள் தடுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின.

இருபது ஆண்டுகள் கழிந்தும் அது பழங்கதையாகிவிடவில்லை. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்று, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் தெருவுக்குள் கும்பல் புகுந்தது. வீடுகளின் ஓடுகளும் வாகனங்களும் நொறுக்கப்பட்டன. மறு வாக்குப்பதிவு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதே தேர்தலில் தருமபுரி தொகுதியின் எட்டு வாக்குச்சாவடிகளில் மறு வாக்குப்பதிவு நடந்தது. பொன்பரப்பியில் நடக்கவில்லை. தாக்கப்பட்ட தெருவில் எத்தனை பேர் அன்று பூத்துக்குப் போகாமல் வீட்டைக் காத்துக்கொண்டு நின்றார்கள் என்று எந்த அரசு ஆவணமும் சொல்லாது.

இதை எழுதுவது எந்தச் சாதியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. பொன்பரப்பியின் பக்கத்து ஊர்களிலேயே எல்லாச் சாதிக்காரர்களும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு அமைதியாக வீடு திரும்பினார்கள். ஆனால் அச்சம் இருக்கும் இடத்தில் அச்சம் இருக்கிறது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். தேர்தல் ஆணையமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் எந்தக் குடியிருப்பில் யாரால் யாருக்கு மிரட்டல் வரக்கூடும் என்று கணக்கெடுத்து வைக்கும் நடைமுறை அதனிடம் உண்டு. உங்கள் தெருவில் அப்படி ஒரு நிலை இருந்தால், தேர்தல் அறிவிப்பு வந்த உடனேயே மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு தொலைபேசியில் சொல்லிப் பயன் குறைவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், பட்டியல் சாதியினரை வாக்களிக்க விடாமல் தடுப்பதும், இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்று மிரட்டுவதும் தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. புகார் மனுவில் இந்தச் சட்டத்தின் பெயர் இருக்க வேண்டும்.

அச்சத்தின் இன்னொரு முகம், "யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சிடுவாங்க" என்பது. தனி ஆளின் வாக்கை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பூத்தில் இருக்கும் கட்சி ஏஜென்டுகளுக்கு நீங்கள் வந்தது தெரியும், எந்தப் பொத்தானை அமுக்கினீர்கள் என்பது தெரியாது. வாக்களித்ததும் கண்ணாடிக்குள் தெரியும் சீட்டும் பெட்டிக்குள்தான் விழுகிறது. ஆனால் ஒரு பூத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்பது எண்ணிக்கையின்போது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. காலனிக்கென்று தனி பூத் இருந்தால் மிரட்டல் இல்லாமல் போட்டுவிட்டு வரலாம், ஆனால் அந்தத் தெரு மொத்தமாக எப்படிப் போட்டது என்பது வெளியே வந்துவிடும். பல பூத்துகளின் வாக்கைக் கலந்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. 2015-இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. நடுவண் அரசு ஏற்கவில்லை. சிறிய குடியிருப்புகளில் வாழும் மக்களுக்கு இதைவிட அவசரமான தேர்தல் சீர்திருத்தம் வேறில்லை என்பது என் கருத்து. கட்சிகள் அதிகம் பேசாத விஷயமும் இதுதான்.

பெயர் இருந்தால்தான் பிறகு எல்லாம்

சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூரில் வேலை பருவத்துக்குத்தான். அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் நிற்கின்றன, ஆனாலும் நிலமில்லாத குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போய்த்தான் பிழைக்கின்றன. இப்படி வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களின் பெயர்தான் பட்டியல் திருத்தத்தில் முதலில் அடிபடும். கதவு பூட்டியிருந்தால் "இடம்பெயர்ந்தவர்" என்று குறித்துவிட்டுப் போய்விடலாம்.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் இதைப் பெரிய அளவில் காட்டியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், முன்பிருந்த 6.41 கோடிப் பெயர்களில் சுமார் 97 லட்சம் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் நீக்கப்பட வேண்டியவையே. ஆனால் உயிரோடு இருந்து, ஊரிலேயே வீடு வைத்திருந்து, வேலைக்குப் போன இடத்தில் படிவம் கைக்கு வராதவர்களும் இந்த 97 லட்சத்துக்குள் உண்டு. எனவே "போன தடவை போட்டேனே" என்று யாரும் இருந்துவிடக் கூடாது. போன முறை பெயர் இருந்தது இந்த முறைக்கு உத்தரவாதமல்ல.

பெயரைப் பார்க்க 1950 என்ற இலவச எண் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் கைபேசிச் செயலியும் இருக்கிறது. இவை இரண்டையும்விட நல்ல வழி, உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்வது. பெரும்பாலும் அவர் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். உள்ளூர் ஆள்தான்.

பட்டியலில் பெயரே இல்லாதவர்களும் முதன்முறை சேர்க்கிறவர்களும் படிவம் 6 கொடுக்க வேண்டும். முகவரி மாற்றமோ எழுத்துப் பிழையோ என்றால் படிவம் 8. படிவம் 7 பெயரை நீக்கச் சொல்லிக் கொடுப்பது. உங்கள் பெயருக்கு எதிராக வேறொருவர் அதைக் கொடுத்திருந்தால், உங்களுக்கு நோட்டீஸ் தந்து விசாரித்த பிறகே நீக்க முடியும். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் அந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வாங்கி, நேரில் போய், ஊரில்தான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். தீவிரத் திருத்தத்தில் ஏற்கப்பட்ட ஆவணங்களில் சாதிச் சான்றிதழும் அரசு கொடுத்த நிலம் அல்லது வீட்டு ஒதுக்கீட்டுச் சான்றும் இருந்தன. காலனி வீடுகளில் பல ஆவணங்கள் இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டில் ஒன்று அநேகமாக இருக்கும்.

பதினெட்டு நிரம்பியவர்கள் ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம். அரசு விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் சொந்த ஊரிலோ படிக்கும் ஊரிலோ பதியலாம். இரண்டில் ஒன்றில் மட்டும்தான் பதியலாம், இரண்டு இடத்திலும் பதிந்தால் குற்றம்.

கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்த ஊர்ப் பட்டியலில் "போய்விட்டாள்" என்று அடித்துவிடுகிறார்கள். புகுந்த ஊரில் குடும்ப அட்டையில் பெயர் ஏறுகிறது, வாக்காளர் பட்டியலில் ஏறுவதில்லை. இரண்டு மூன்று தேர்தல்கள் இப்படியே போய்விடும். மருமகளின் பெயரைச் சேர்க்கும் படிவம் 6 வேலையை மாமியாரோ கணவரோ நினைவு வைத்துச் செய்தால் அது அந்த வீட்டுக்குப் பெருமை.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் காலக்கெடு இருக்கிறது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு ஒரு பெயரும் சேராது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் நாள் வேண்டும் என்பதால் தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடுவது அநேகமாகத் தாமதம்தான்.

அந்த ஒரு நாள்

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. இது அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் எழுதிய சட்டமல்ல. தினக்கூலிக்கும் பொருந்தும். தொகுதிக்கு வெளியே ஆலையிலோ கட்டடத்திலோ வேலை செய்கிறவருக்கும் பொருந்தும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் குன்னத்துக்காரர் இதைக் கேட்டு வாங்கலாம். இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் தொலைதூர இயந்திரத்தைக் காட்ட 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளை அழைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. அதுவரை பேருந்து ஏறித்தான் வர வேண்டும். வேட்பாளரின் பணத்தில் வரும் வண்டியில் ஏறாதீர்கள். வேட்பாளர் தரப்பு வாக்காளரை வண்டி வைத்து அழைத்துப்போவது தேர்தல் முறைகேடு. நான்கு குடும்பங்கள் சேர்ந்து சொந்தக் காசில் ஒரு வேன் பிடித்து வந்தால் அதை எவரும் கேள்வி கேட்க முடியாது.

பூத் சிலிப் மட்டும் கையில் இருந்தால் போதாது, அது அடையாளச் சான்று ஆகாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையக் கணக்குப் புத்தகம், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை போன்றவற்றை ஆணையம் ஏற்கிறது. நூறு நாள் வேலை அட்டையும் அந்த வரிசையில் இருந்துவந்திருக்கிறது. அட்டை தொலைந்துவிட்டது என்பதற்காக யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

உள்ளே போனதும் முதல் அலுவலர் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கச் சொல்வார். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு சீட்டு தருவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். மறைப்புக்குள் போனால் பச்சை விளக்கு எரியும். உங்கள் சின்னத்துக்கு நேராக இருக்கும் நீலப் பொத்தானை அமுக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்து, பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் அதே சின்னத்தோடு ஒரு சீட்டு ஏழு விநாடி நிற்கும். பீப் சத்தம் வந்தால்தான் வாக்கு பதிவானது. சத்தம் கேட்காமல் வெளியே வந்துவிடாதீர்கள். முதல் தடவை போடும் வயதானவர்களுக்கு இதை முந்தைய நாளே வீட்டில் சொல்லிக்கொடுங்கள். அங்கே போய்த் தடுமாறினால், உதவி என்ற பெயரில் யாரோ ஒருவர் பொத்தானை அமுக்கிவிடுவார். பார்வை இல்லாதவரும் உடல் தளர்ந்தவரும் 18 வயது நிரம்பிய துணை ஒருவரைத் தாங்களே தேர்ந்தெடுத்து அழைத்துப்போகலாம். 85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனம் உள்ளவர்களும் முன்கூட்டியே 12டி படிவம் கொடுத்தால் அலுவலர்களே வீட்டுக்கு வருவார்கள்.

"உங்க ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுட்டாங்க" என்று சொன்னால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். அடையாளத்தைக் காட்டி, ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கேளுங்கள். தேர்தல் நடத்தை விதி 49பி-யின் கீழ் அதைத் தர வேண்டியது வாக்குச்சாவடி தலைமை அலுவலரின் கடமை. அதில் வாக்கைக் குறித்துத் தனி உறையில் வைப்பார்கள். வித்தியாசம் குறைவாக இருந்து வழக்கு நீதிமன்றம் போனால், அந்த உறைகள் முடிவையே மாற்றக்கூடும். யாரையும் பிடிக்கவில்லை என்றால் 2013 முதல் நோட்டா இருக்கிறது. அதுவும் நேரில் போய்ச் சொல்லும் கருத்துதான், வீட்டில் இருப்பதற்கு அது ஈடாகாது.

காசு பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுக்குக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். காலனிக்காரர்கள் காசுக்குப் போடுகிறவர்கள் என்று பேசுகிறவர்கள், அதே இரவில் ஊர்த்தெருவிலும் நகரத்தின் அடுக்குமாடிகளிலும் அதே கவர் போவதைப் பேசுவதில்லை. கவர் கொடுத்தவருக்கு நீங்கள் கடன்பட்டதாக நினைத்து வாக்கை ஒப்படைக்க வேண்டியதில்லை. வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கிவிட்ட வீட்டிலும் மனசாட்சி விலை போகவில்லை.

மாலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது என்றால், அப்போது வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் டோக்கன் கொடுத்து வாக்களிக்கவிட வேண்டும். வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப எவருக்கும் அதிகாரமில்லை. மிரட்டலோ பணமோ கண்ணில் பட்டால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் வசதியில் படம் எடுத்து அனுப்பலாம். நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் வாக்குறுதி.

தெருவுக்குத் தெரு படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தங்கள் பூத்தின் பட்டியலைப் பதிவிறக்கி, வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பெயராக வாசித்துச் சரிபாருங்கள். இல்லாத பெயருக்கு அன்றைக்கே படிவம் 6 நிரப்புங்கள். வெளியூரில் இருப்பவர்களின் கைபேசி எண்ணைக் குறித்து வையுங்கள். எந்தக் கட்சியும் இதை உங்களுக்காகச் செய்யும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே 1950-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.